எந்த ரிலே வாங்கலாம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில், பட்டு வேட்டியோடு, காடியின் ஜன்னல் வழியாக இறங்கிய ஆள் நான்தான். வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கும் வரும்.

காடி என் தங்கை மகனுடையது. பழைய புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தபோது அதற்கு நான்கு கதவு, நான்கு கைப்பிடி. கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும். இந்த ஏற்பாட்டில் அவன் என்ன குறை கண்டானோ தெரியவில்லை. நான்கையும் அறுத்தெடுத்து, ஓட்டைகளைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசித் தேய்த்து, மேலே கத்தரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டான். உள்ளேயும் கைப்பிடி கிடையாது. “கிளீன் லுக், மாமா. உங்களுக்குச் சொன்னா புரியாது” என்றான். ரிமோட்டை அழுத்தினால் கதவுக்குள் இருக்கும் சோலெனாய்டு பூட்டை இழுக்க வேண்டும், ஒரு ஸ்பிரிங் கதவை வெளியே தள்ள வேண்டும். அன்றைக்கு அழுத்தினான். ‘டிக்’ என்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி ‘டிக்’. வெளியே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள்.

கண்ணாடியை இறக்கும் கைப்பிடியை மட்டும் அவன் கழற்றவில்லை. பவர் விண்டோவுக்கு இன்னும் காசு சேரவில்லையாம். அவனுடைய வறுமையால் நான் பிழைத்தேன்.

“ரிலே நாற்பது ஆம்பியர், மாமா. எப்படி மக்கர் பண்ணும்?” என்று அவன் கேட்டான் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கட்டுரை. கதவுச் சோலெனாய்டுக்கு எந்த ரிலே வாங்க வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் எடுத்தவன். வீட்டில் ஓமின் விதி என்று நான் வாயைத் திறந்தால் மனைவி ஃபேனை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். உங்களால் எழுந்து போக முடியாது, பாதி படித்துவிட்டீர்கள்.

ரிலே எளிமையான சாமான். உள்ளே ஒரு சுருள், ஒரு தொடுப்பு. 85, 86 என்று எண் போட்ட கால்களுக்குச் சுமார் 150 மில்லி ஆம்பியர் கொடுத்தால் சுருள் காந்தமாகி, 30ஆம் காலுக்கு வரும் பேட்டரிக் கரண்டை 87ஆம் காலுக்கு விடும். அலாரம் பெட்டியால் சில நூறு மில்லி ஆம்பியர்தான் தர முடியும். பெரிய சோலெனாய்டு முப்பது ஆம்பியர் கேட்கும். நேராக மாட்டினால் பெட்டி பொசுங்கும், அதனால் நடுவில் ரிலே. ஐந்தாவதாக 87ஏ என்று ஒரு கால் உண்டு. ரிலே சும்மா இருக்கும்போது 30ஓடு ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். சோலெனாய்டை அதில் மாட்டிவிட்டால், நீங்கள் ரிமோட்டைத் தொடாத நேரமெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். ஒரு நொடி இழுத்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டிய சோலெனாய்டு ஓயாமல் இழுத்து வெந்துபோகும். இதையும் செய்து காட்டியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ஆக, முப்பது ஆம்பியர் ரிலேயா, நாற்பதா, எழுபதா? சொல்கிறேன். அதற்கு முன் வயரை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம்.

மறுநாள் கதவின் உள்பலகையை நானே கழற்றினேன். பேட்டரியிலிருந்து கரண்டு கிளம்பும் இடத்தில் நல்ல சிவப்பு வயர்தான், சுண்டுவிரல் பருமன். ஒரு ஜாண் தூரம் மகாராஜாவாகப் போகிறது. அதன் பிறகு ஸ்பீக்கர் வயர். கண்ணாடித் தோலுக்குள் செம்பு தெரியும் அந்த வயரை ஒரு காலத்தில் கேசட் ரேடியோவுக்கு வாங்கி மிச்சம் வைத்திருப்போமே, அதே வயர். டாஷ்போர்டுக்கு அடியில் அது தீர்ந்துபோயிருக்கிறது. தீர்ந்தால் என்ன? வீட்டு வாசல் மணிக்குப் போடும் வெள்ளை வயர் இருக்கிறதே, அதை முறுக்கிச் சேர்த்தாகிவிட்டது. அதுவும் கதவுக்குள் நுழைந்து, சோலெனாய்டுக்கு அரை முழம் முன்னால் தீர்ந்திருக்கிறது. அந்த அரை முழத்துக்குப் பச்சை நிறத்தில் ஒன்று. உற்றுப் பார்த்தேன். தீபாவளி விளக்குச் சரம். பல்பை மட்டும் கிள்ளிவிட்டிருக்கிறார்கள்.

போட்டவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன், மரியாதையான பையன். நம் எல்லோருக்கும் தெரிந்த, நம் எல்லோருடைய வயரிங்கையும் செய்த, அந்தத் ‘தெரிஞ்ச பையன்’தான். “போதும்லா அங்கிள். ஒரு செகண்டுதானே ஓடுது, வயர் சூடாகவே ஆகாது” என்றான்.

இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. அவன் சொல்வதில் பாதி உண்மை. ஒரு நொடியில் வயர் எரியாது. ஆனால் வோல்டேஜ் விழுவதற்கு ஒரு நொடி எதற்கு? கரண்டு புறப்பட்ட கணத்திலேயே விழும். கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு வோல்டில் முப்பது ஆம்பியர் இழுக்கும் சோலெனாய்டின் தடை 0.4 ஓம். அரை சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்கு 0.039 ஓம். பேட்டரியிலிருந்து கதவுக்கு நான்கு மீட்டர் என்று வையுங்கள், 0.156 ஓம். இரண்டையும் கூட்டி வகுத்தால் முப்பது ஆம்பியர் இருபத்தொன்றரையாகக் குறைகிறது. சோலெனாய்டுக்குப் போய்ச் சேருவது எட்டரை வோல்டுதான். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குப் போகும் கூட்டத்தை ஓர் ஆள் நுழையும் சந்துக்குள் திருப்பிவிட்டது போலத்தான். இதோடு போகாது. சோலெனாய்டின் இழுவிசை ஏறக்குறைய கரண்டின் இருமடிக்கு ஏற்ப மாறும். கரண்டில் கால் பங்குக்குச் சற்று மேலே போனால் இழுவையில் பாதி போய்விடும். ஐம்பது பவுண்டு என்று பெட்டியில் அச்சடித்து விற்ற சாமான், தங்கை மகனின் கதவுக்குள் இருபத்தைந்து பவுண்டு. அதே தூரத்துக்கு நான்கு சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் பத்தில் ஒன்பது பங்கு இழுவை கிடைத்திருக்கும். விலையில் எத்தனை வெள்ளி வித்தியாசம்? ஒரு பசியாறல் செலவு.

வயரைப் பற்றி அவ்வளவுதான். இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. வெயில். செம்பு சூடேறினால் டிகிரிக்கு 0.4 விழுக்காடு தடை கூடும். மண்டபத்து வாசலில் கத்தரிப்பூ நிறக் காடியை நண்பகலில் நிறுத்தினால் கதவுக்குள் இருக்கும் சுருள் காலையில் இருந்ததைவிட நாற்பது டிகிரி கூடுதலாகவே கொதித்துக்கொண்டிருக்கும். பதினாறு விழுக்காடு தடை அங்கேயே ஏறிவிட்டது. காலையில் வீட்டு வாசலில் திறந்து காட்டிய கதவு மத்தியானம் ஏன் திறக்கவில்லை என்று தங்கை மகன் இன்னும் ராகு காலத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறான்.

சரி, முடித்துவிட்டேன். கதவு மடங்கும் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அதற்குள் வயர் மடங்கி நிமிரும். அதனால் அங்கே பல இழை கொண்ட மென்மையான வயர்தான் போக வேண்டும். மணி வயர் ஒற்றைக் கம்பி. சில மாதம் மடங்கும், பிறகு தோலுக்குள்ளேயே ஒடியும். ஒடிந்தது வெளியே தெரியாது. கதவு பாதி திறந்திருந்தால் தொடும், மூடினால் தொடாது. மூடிய கதவைத் திறப்பதற்கென்றே போட்ட வயர், கதவு திறந்திருக்கும்போது மட்டும் வேலை செய்யும்!

எர்த்து வயரைப் பற்றி நான் பேசவே போவதில்லை. அது பெயிண்டின் மேல் திருகியிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் கறுப்பு டேப்பை விட முடியாது. முறுக்கிய முனை ஒவ்வொன்றிலும் கறுப்பு டேப். நம் உஷ்ணத்தில் அதன் பசை உருகி, டேப் நழுவி, செம்பு வெளியே எட்டிப்பார்க்கிறது. விரலில் பிடித்த பிசின் இன்னும் போகவில்லை. எந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் காரியம் செய்கிறோம் என்று யோசித்தேன். ஒரு வயர் இணைப்புக்கு வேண்டியது இரண்டு: ஒட்டுவதற்கு ஈயம், மூடுவதற்கு மின்காப்பு. ஈயமா? கிந்தாப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கிறோம். ஈப்போ என்ற பட்டணமே ஈயத்தால் எழுந்தது. அந்த ஈயத்தின் விலையும் சாகா வந்த அதே 1985இல், அக்டோபரில், லண்டன் சந்தையில் சரிந்து நம் லம்பங்களை மூட வைத்தது. மின்காப்பா? கடலடித் தந்திக் கம்பிகளுக்கு முதலில் மேலுறை தந்தது மலாயாக் காட்டுத் தாபான் மரத்தின் பால். அதன் பிறகு ரப்பர். கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரம் இன்னும் நிற்கிறது. பிளாஸ்டிக் வரும்வரை உலகத்து மின்சார வயர்களில் பலவற்றுக்கு ரப்பர்தான் தோல். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் வெட்டிய பாலில் ஒரு பங்கு அதற்கும் போயிருக்கும். ஈயத்தையும் தந்தோம், ரப்பரையும் தந்தோம். நம் பேரன் வயரை முறுக்கி, எச்சில் தொட்டு டேப் ஒட்டி, “போதும்லா” என்கிறான்.

என் தங்கை மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அமெரிக்காவிலேயே இப்படித்தான், மாமா” என்றான். உண்மைதான், வியாதி அங்கிருந்துதான் வந்தது. 1940, 50களில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்களும் அவர்கள் காலத்துப் பட்டறைக்காரர்களும் மெர்க்குரி கார்களின் கூரையைத் தாழ்த்தி, கைப்பிடிகளைச் சீவி, பொத்தானால் கதவு திறக்க வைத்தார்கள். இப்போது தொழிற்சாலைகளே அதைச் செய்கின்றன. 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2021ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் ஏறக்குறைய 1,74,000ஐப் பற்றி விசாரணை தொடங்கியது. வெளிக்கைப்பிடி வேலை செய்யாமல் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்ள, சில பெற்றோர் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். மின்பூட்டுக்குப் போதிய வோல்டேஜ் போய்ச் சேராததுதான் காரணமாகத் தெரிகிறதாம். போதிய வோல்டேஜ்! படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தால் வீட்டில் ஒருவரையும் காணோம்.

சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜேபிஜே, என்ன சொல்லும் என்று அவனிடம் கேட்டேன். காடியின் உடம்பை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். 1959இல் எழுதிய மோட்டார் வாகன விதிகளை அவர்கள் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள். “ரோடு பிளாக்கில் நிறுத்தினால் என்ன செய்வாய்?” என்றேன். “கதவு திறக்காது, மாமா. அவங்க எப்படி உள்ளே பார்ப்பாங்க?” என்றான். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஓமின் விதி உதவவில்லை.

ஒன்றை மட்டும் அவன் கேட்டுக்கொண்டான். ரிலேயின் 85ஆம் காலை எர்த்துக்கு நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு டயோடு வைத்துக் கைப்பிரேக் சுவிட்ச் வழியாகக் கொடுக்கச் சொன்னேன். கைப்பிரேக் போட்டிருந்தால்தான் கதவு திறக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது பாக்கெட்டில் ரிமோட் அழுந்தி, பின்சீட்டில் இருக்கும் அத்தை ஈப்போவிலேயே இறங்கிவிட மாட்டாள். பியூஸைப் பேட்டரி பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினான். ஆனால் பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றலாமா என்று அந்தத் தெரிஞ்ச பையன் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

ரிலேயைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பீர்கள். ஆசிரியர் கொடுத்த இடம் தீர்ந்துவிட்டது. நாற்பதோ எழுபதோ, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் கைப்பிடியைச் சீவத் துடிக்கும் பிள்ளை இருந்தால், அறுப்பதற்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளை வாங்கச் சொல்லுங்கள். ஒரு முனையைக் கதவுப் பூட்டில் கட்டி, மறுமுனையைக் காடிக்கு அடியில், கை எட்டும் இடத்தில் ஒளித்து வைக்கட்டும். உள்ளே இருப்பவர்களுக்கும் ஒன்று வையுங்கள். சில வெள்ளிதான் விலை. இழுத்தால் திறக்கும், பேட்டரி செத்தாலும் திறக்கும்.