மாண்புமிகு சீருடை அளவு அட்டவணைக்கு

பெறுநர்: எந்த அலுவலகச் சுவரில் தொங்குகிறீர்களோ, அங்கே.

பொருள்: முன் அனுமதி இல்லாமல் வளர்ந்துவிட்ட என் மகள் குறித்து.

ஐயா,

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவள் எழுதுவது. எங்கள் ஊர் நைட்டிக்குப் பேர்போனது. ஒரே நைட்டியை மாமியாரும் போடலாம், மருமகளும் போடலாம். ‘ஃப்ரீ சைஸ்’ என்று லேபிளே உண்டு. அந்தப் பழக்கத்தில் தங்களிடமும் கொஞ்சம் தாராளத்தை எதிர்பார்த்துவிட்டேன்.

ஏழாம் வகுப்பென்றால் இத்தனை உயரம், இத்தனை சுற்றளவு என்று தாங்கள் விதித்துவிட்டீர்கள். என் மகள் கீழ்ப்படியவில்லை. பன்னிரண்டு வயதை ஒட்டிப் பெண்பிள்ளைகள் வருஷத்துக்கு 7, 8 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள் என்கிறார்கள் டாக்டர்கள். தங்களைக் கலந்துகொள்ளாமல் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் காமராஜர் பிறந்தநாள் என்றால் சொந்தத் தாத்தா பிறந்தநாள் மாதிரி. மகள் பேச்சை மனப்பாடம் செய்திருந்தாள். புதுச் சீருடை வந்தபாடில்லை. பழைய பேண்ட்டின் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டேன். மடிப்புக்குள் கிடந்த துணி வெளுத்திருக்காது, பாருங்கள். துவைத்து வெளிறிய காலுக்குக் கீழே மூன்று விரல்கடைக்குப் புத்தம்புது நிறம், நடுவே பழைய தையலின் ஊசித் துளைகள். போன வருஷம் அவள் எவ்வளவு உயரம் என்று பள்ளிக்கூடமே கணக்குப் போடலாம். அப்படியும் கணுக்கால் எட்டவில்லை. மேடை ஏறியதும் பின்வரிசைப் பயல் ஒருவன், “கம்மாய்ல எறங்கப் போறியா?” என்றானாம். மதிய உணவுத் திட்டம் வரைக்கும் வந்த காமராஜர் அதற்குமேல் அவள் வாயில் வரவில்லை.

(அந்தப் பயலுக்கும் இந்த வளர்த்தி வரும். இரண்டு வருஷம் பிந்தி வரும், அதற்குள் கிண்டலடித்து முடித்திருப்பான்.)

இப்போதெல்லாம் தோளைக் குறுக்கி, பையை நெஞ்சோடு அணைத்துத்தான் நடக்கிறாள். போர்டில் எழுதக் கூப்பிட்டால் விடை தெரியாது என்கிறாள். கை தூக்கினால் அக்குள் தையல் விட்டுப்போகும் என்று வாத்தியாரிடம் எப்படிச் சொல்வாள்?

அட்டவணையைத் திருத்தச் சொல்லவில்லை; தங்கள் கௌரவம் தெரியும். கீழ்மடிப்பில் நாலு விரல்கடையும் பக்கத் தையலில் ஒரு அங்குலமும் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், போதும். பிரித்துவிட எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அப்புறம், அளவெடுக்கிறபோது மார்புச் சுற்றளவை வகுப்பே கேட்கும்படி வாசிக்க வேண்டாம். என்னைக் கேட்டால் காதோடு சொல்லிவிடுவேன்.

எதுவும் முடியாதென்றால், இனிமேல் வளரக் கூடாது என்று அவளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நான் சொல்லிக் கேட்கிற வயதெல்லாம் அவளுக்குத் தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு நைட்டி தையல்காரி,
தளவாய்புரம்.