பிசிறில்லாத பம்பை

எங்கள் ஊர்ப் பம்பைக் குழுவின் அம்மன் பாட்டை தருமபுரியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். பதிவு முடியும்வரை கூடவே இருந்தேன். அந்த ஏற்பாட்டைப் புகழாமல் இருக்க முடியாது.

குழுவினர் ஒருநாள்கூட ஒன்றுசேர வேண்டியிருக்கவில்லை. பம்பைக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துவிட்டு இரவு பஸ்ஸிலேயே திரும்பினார். உடுக்கைக்காரர் செவ்வாய், கைச்சிலம்பு வியாழன், பாடுகிறவர் அடுத்த வாரம். யாருக்கும் கூலிநாள் கெடவில்லை. இருபது வருடம் ஒரே வட்டத்தில் நின்று வாசித்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஒரு பாட்டை முடித்துவிட்டார்கள்.

காதில் ஹெட்போன், அதற்குள் மாறாத வேகத்தில் க்ளிக். கோயில் வாசலில் யாருக்காவது அருள் வரும் அறிகுறி தெரிந்தால் எங்கள் பம்பைக்காரரின் கை தானாக முடுகும்; அதைப் பார்த்ததும் உடுக்கையும் ஏறும், பாட்டும் ஏறும். ஸ்டுடியோவில் அந்தத் தொல்லை இல்லை. முதல் அடி எந்த வேகமோ கடைசி அடியும் அதே வேகம். இடது கை மயிரிழை பிந்திய இடங்களைக் கணினியில் கோட்டுக்கு நேராக நகர்த்தி வைத்தார்கள். அந்த அறையில் யாருக்கும் அருள் வரவில்லை. வேலை தடைபடாமல் நடந்தது.

இந்த வசதி எளிதில் கிடைத்ததல்ல. ஆரம்பகாலத் தமிழ்ப் பேசும் படங்களில் நடிகர் பாடப் பாட, வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் மறைந்திருந்து வாசித்தார்கள். அமெரிக்காவில் லெஸ் பால் தன் கிட்டார்மேல் தன் கிட்டாரையே அடுக்கிய பதிவை 1948இல் வெளியிட்டு, ஒரே ஆள் ஒரு குழுவாக முடியும் என்று காட்டினார். ஆனாலும் 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் ஆரம்பப் பதிவுகளில் வயலின்காரர்களும் தபேலாக்காரரும் பாடகியும் சேர்ந்தே வாசித்துப் பாட வேண்டியிருந்தது. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்தப் பாரத்தை இன்று யாரும் சுமக்க வேண்டியதில்லை. தன் பங்கை மட்டும் கேட்டால் போதும்.

கடைசி நாள் திரையில் பாட்டைக் காட்டினார்கள். பம்பைக்கு ஒரு பட்டை, உடுக்கைக்கு ஒரு பட்டை, குரலுக்கு ஒரு பட்டை. ஒன்றின் ஓசை இன்னொன்றில் துளி கசியவில்லை. தருமபுரி தகடூராக இருந்த காலத்தில் அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போனபோது, அவனுடைய வேல்களும் இப்படித்தான் இருந்தன: பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக வரிசையாக. அதியமானுடைய வேல்கள் நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன.

ஆடித் திருவிழாவில் அந்தப் பாட்டைத்தான் மைக் செட்டில் போட்டார்கள். தெளிவாகவே கேட்டது. அவ்வளவு நல்ல பதிவு கையில் இருந்ததால், முதல் இரண்டு நாள் குழுவை அழைக்க வேண்டிய செலவும் ஊருக்கு மிஞ்சியது. விடுமுறைக்கு வந்திருந்த பம்பைக்காரர் வேப்பமரத்தடியில் கூட்டத்தோடு நின்று, பாட்டு முடியும்வரை தலை குனிந்து கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா சுத்தமா இருக்குதுண்ணா. உடுக்கைய இன்னிக்குத்தான் கேக்கறேன். இப்படி வாசிச்சிருக்கான்னு தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரி அடிச்சிருப்பேன்."