அடுத்தவர் தலையில் முடி வளர்ப்பது எப்படி?

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த ஒரு பெண் விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினால், அவள் தலையில் முடி வளர்க்கும் பொறுப்பு அன்று மாலையே ஊரிடம் வந்துவிடுகிறது. ஆபரேஷன், மருந்து, ஊசி எல்லாம் புதுச்சேரி ஜிப்மரோ அடையாறோ பார்த்துக்கொண்டது. முடி மட்டும் நம் இலாகா. இலாகாவில் அனுபவசாலிகளுக்குக் குறைவில்லை, ஆனாலும் வேலை ஒழுங்காக நடப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு.

முதலில் பார்க்கப் போக வேண்டும். ஆப்பிள் ஒரு கிலோ, ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில். வாசலில் செருப்பை விடும்போதே கண் நேராகத் தலைக்குப் போகட்டும், முகத்துக்கு மெதுவாக வரலாம். "ஏன் கண்ணு, எவ்ளோ முடி இருந்துச்சு உனக்கு! உட்கார்ந்தா தரையில படுமே!" என்று தொடங்குங்கள். அவளுக்கு ஞாபகம் இருக்காது பாருங்கள். காலையில் தலையணையில் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்தவளும், கொட்டுவதற்கு முன்னால் சீப்பு பட்டாலே மண்டைத்தோல் வலித்ததைப் பொறுத்தவளும் அவள்தான் என்றாலும், நாம் ஒரு தடவை எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. அடுத்து, கேட்காமல் தலையைத் தடவிப் பார்க்கவும். "சொரசொரன்னு இருக்கே, வந்துடும்" என்று தீர்ப்புச் சொல்லவும். தீர்ப்பு வந்ததும் காபி வரும்.

காபியோடு காரணத்தையும் கண்டுபிடித்துவிடுங்கள். ஷாம்பு, போர்த்தண்ணீர், கண்ணேறு, மூன்றில் ஒன்று. டாக்டர் சொல்லும் காரணம் வேறு. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்லும் வேகமாகப் பெருகுகிறது, முடிவேரின் செல்லும் வேகமாகப் பெருகுகிறது, மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. தலைமுடியில் ஏறக்குறைய 90 சதவீதம் எந்நேரமும் வளரும் கட்டத்தில் இருப்பதால், முதல் கீமோ ஏறி இரண்டு மூன்று வாரத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் பலருக்கும் ஏற்றும் சிவப்பு மருந்து இருக்கிறதே, டாக்ஸோரூபிசின், அதன் மூலம் இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர். 1960-களில் கண்டுபிடித்தவர்கள் ஏட்ரியாட்டிக் கடலின் பேரால் ஏட்ரியாமைசின் என்று பேர் வைத்தார்கள். களிமண்ணில் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்து பிழைக்கும் நம் ஊருக்கு, மண்ணிலிருந்து மருந்து வந்த கதை பிடித்திருக்க வேண்டும். இருந்தாலும் நீங்கள் ஷாம்பு என்றே சொல்லுங்கள், பேச்சு நீளும்.

தெருவில் எதிரே பார்த்தால் கேட்க வேண்டியது: "எந்தக் கோயில் மொட்டை?" திருப்பதியா, பழனியா, உள்ளூர்க் கொளஞ்சியப்பரா? வேண்டுதல் என்று சொல்லி அவள் நழுவப் பார்த்தால் விடாதீர்கள். புருவமும் இமைமுடியும் எந்தச் சாமிக்குப் போச்சு என்று உற்றுப் பாருங்கள். திருப்பதியில் காணிக்கையாகும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, அது சவுரியாகவும் விக்காகவும் உலகம் சுற்றுகிறது. ஒருத்தி நேர்ந்துகொண்டு கொடுத்தது, நேராமலே இழந்த இன்னொருத்தியின் தலையில் ஏறலாம். புதிதாக முளைக்கும் பூனைமுடியை வழித்துவிட்டால் அடர்த்தியாக வரும் என்றும் சொல்லிவையுங்கள். பிளேடுக்கும் வேருக்கும் சம்பந்தமில்லை. வெட்டிய நுனி தடித்துத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு தரம் வழித்தால் இரண்டு தரமும் ஆரம்பத்திலிருந்து வளர வேண்டும், நமக்கு வேலை நீடிக்கும்.

இனி எண்ணெய். இந்த விஷயத்தில் நம் ஊருக்குப் பரம்பரை பாத்தியதை உண்டு. திருமுதுகுன்றம் என்ற பழைய பேரில் நம் ஊர் இருந்தபோது, இங்கே பழமலைநாதரிடம் சுந்தரர் 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் தேடி எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதைத் தொடங்கிவைத்த ஊர்க்காரர்கள், ஆஸ்பத்திரியில் போன முடியை எண்ணெய்ப் பாட்டிலில் தேடினால் தப்பென்ன? கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, மருதாணி, வீட்டுக்கு ஒரு பாட்டில் போய்ச் சேர வேண்டும். சின்ன வெங்காயத்தோடு மிளகை அரைத்து எரிய எரியத் தேய்த்தால் முடி பயந்து வெளியே வரும் என்பது ஒரு கட்சி. கீமோவுக்குப் பிறகு மண்டைத்தோல் உலர்ந்து, தொட்டால் நோகும் நிலையில் இருக்கும். எரிகிற சரக்கு எதைப் போட்டாலும் புண்ணாகும். வறட்சிக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெயை இதமாகத் தடவினால் போதும்.

முடியோ, எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும், கடைசிக் கீமோ முடிந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் மெல்லிசாக முளைக்கத் தொடங்கி, மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்கிறது. அந்த நேரத்தில் எந்தப் பாட்டில் திறந்திருந்ததோ அந்தப் பாட்டிலுக்குப் பேர். ஆகவே உங்களுடையது இரண்டாம் மாதத் தொடக்கத்தில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கீமோவுக்கே கொடுத்தனுப்பி மானத்தை வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

இதே சூத்திரம் பிராதுக்கும் பொருந்தும். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி முனியப்பர் சந்நிதி வேலில் கட்டினால் 90 நாளில் நியாயம் கிடைக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கடைசிக் கீமோ அன்று கட்டினால், 90 நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வந்திருக்கும். சாமி பேரும் கெடாது, டாக்டர் பேரும் கெடாது. நடந்ததும் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அது விதி.

சுந்தரர் கதையில் பாதியைத்தான் நாம் சொல்வோம். குளத்திலிருந்து எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்று குறைந்திருந்தது. திரும்பப் பாடிய பிறகே பழைய மாற்றுக்கு வந்தது. வந்த முடியும் முதலில் மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நேர்முடிக்காரிக்குச் சுருட்டை வரலாம். நிறம் தரும் செல்கள் வேலைக்குத் திரும்பத் தாமதித்தால் நரைத்து வரலாம். நிறையப் பேருக்குப் போகப் போகப் பழைய குணம் திரும்புகிறது, சிலருக்குச் சுருட்டை தங்கிவிடுகிறது. "இது உன் முடியே இல்ல போலிருக்கே" என்று சொல்ல இதுதான் தருணம். எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. நம் கோயில் அம்பாள் விருத்தாம்பிகை. கிழவி என்று பாடிய குரு நமச்சிவாயர் மாற்றிப் பாடியதும் இளையவளாக வந்து பாலாம்பிகை ஆனாள். அம்பாளை இரண்டு கோலத்திலும் கும்பிடும் ஊர், முப்பத்தைந்து வயதுக்காரி அரை அங்குல நரைமுடியோடு பேங்க்குக்குப் போனால் மட்டும் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்க்கிறது.

நரையைக் கண்டதும் டை பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். செராமிக் பேட்டையில் பொம்மைக்கு நடப்பது அதுதானே? கூழை அச்சில் ஊற்றும்போதே கொண்டையும் சேர்ந்து அமைந்துவிடும். அச்சு தண்ணீரை உறிஞ்சிச் சுவர் பிடித்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து, காயவிட்டு, சூளையில் சுட்டு, கடைசியில் கறுப்பு அடித்தால் கூந்தல் தயார். பெண் தலைக்கு அந்த வசதி இல்லை. ரசாயனச் சாயத்துக்கு ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வதே வழக்கம். விக் வாங்கித் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: செயற்கை இழை விக்கோடு சூளை வாயருகே நின்றாலோ குக்கர் ஆவியில் குனிந்தாலோ இழை பொசுங்கிச் சுருளும். சித்திரை வெயிலுக்குப் பருத்தித் துணியே உத்தமம்.

மாத்திரை சிபாரிசு செய்பவர்கள் பயோட்டினில் தொடங்குவார்கள். அது தைராய்டு, இதயம் சம்பந்தமான சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டவைக்கும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-இல் எச்சரித்தது. டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கினால்தான் இந்த விளைவு முழுசாகக் கிடைக்கும். "கரண்ட் வச்சா திரும்பவும் கொட்டிடுமாமே" என்றும் பயமுறுத்தலாம். கதிர்வீச்சு படுகிற இடத்து முடிதான் விழும். மார்பில் வைக்கும் கரண்டுக்கும் தலைக்கும் சம்பந்தமில்லை.

கீமோ முடிந்து ஆறு மாதம் ஆகியும் திட்டுத் திட்டாக வெறுமையாகவே இருந்தால் அது வேடிக்கைக்குரியதல்ல. டோசிடாக்செல் போன்ற மருந்துகளால் சிலருக்கு முடி திரும்பாமலே போவதுண்டு. தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய்க்காரர்கள் அங்கே ஒதுங்கிக்கொள்ளவும்.

இந்தக் கையேட்டில் நான் வேண்டுமென்றே சேர்க்காத யோசனை ஒன்று இருக்கிறது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாமோக்சிஃபெனோ லெட்ரோசோலோ தினம் ஒன்று, ஐந்து வருடம் போட வேண்டும். சிலருக்குப் பத்து வருடம்வரை போகும். இந்த மாத்திரைகளாலும் முடி கொஞ்சம் மெலியலாம். "அத நிறுத்திப் பாரு, முடி நல்லா வரும்" என்று ஒரு சித்தியோ ஒரு பக்கத்து வீட்டக்காவோ நல்ல மனசோடு சொல்லிவிடுகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்புகிற வாய்ப்பு கூடும். தலை நன்றாக நிரம்பியிருப்பதால் ஊருக்கு அது தெரியவும் தெரியாது.

ஆகவே அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது கண்ணைத் தலைக்கு அனுப்பாமல், இன்றைக்கு மாத்திரை போட்டாயா, மேமோகிராம் எப்போது என்று கேளுங்கள். துணைக்கு ஆளில்லை என்று சொன்னால் புதுச்சேரி பஸ்ஸில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.