உலகத்தைக் காப்பாத்த வந்த தம்பிக்கு

வா தம்பி, இப்படி உட்காரு. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல காபிக்கடையில லேப்டாப்பைத் தொறந்து வெச்சிக்கினு, வெள்ளம் புயல்னா ஜனங்களைக் காப்பாத்த ஆப் செய்யறியாமே. ரொம்ப சந்தோஷம். ‘நான் யார்’னு கேட்டுக்கினு வர்றவங்கதான் இந்தப் பக்கம் அதிகம். ‘நான் ஃபவுண்டர்’னு பதிலைக் கையோட கொண்டாந்தவன் நீதான்.

எனக்குத் தெரிஞ்ச யோசனை சொல்றேன், கேட்டுக்கோ. மொதல்ல லோகோ போடு. லோகோ இல்லாத ஊருக்குள்ள வெள்ளம் எப்படி நம்பி வரும்? அப்புறம் ஏசி ஓட்டல்ல ஒரு ஹேக்கத்தான் வை, பரிசு குடுத்து போட்டோ புடி. ஐப்பசி கார்த்திகையில மட்டும் வெச்சிடாதே, வர்றவங்க நனைஞ்சிடுவாங்க.

சிரிக்கிற. 2024 டிசம்பர் 1ஆம் தேதி இந்த ஊர்ல யாரும் சிரிக்கல. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, இங்க வந்து கொட்டு கொட்டுனு கொட்டிச்சி. வ.உ.சி. நகர்ல மலை சரிஞ்சி, பாறையும் சேறுமா வீட்டு மேல எறங்கிடிச்சி. ஏழு உயிர். அதுல அஞ்சு குழந்தைங்க. மீட்புப் படை வந்தாங்க, மோப்ப நாய் வந்திச்சி. சந்து குறுகல், பெரிய மிஷின் உள்ள போக வழியில்ல. பின்னாடி ஐ.ஐ.டி. பேராசிரியருங்க வந்து மண்ணைப் பார்த்தாங்க. அந்த வருஷம் தீபத்துக்கு பக்தருங்களை மலையேற விடல. உன் மேப்புல அந்தச் சந்து கீதா? எத்தனை அடி அகலம்னு கீதா? இல்ல, மலை உச்சியை மட்டும் ட்ரோன்ல அழகா எடுத்து வெச்சிருக்கியா?

நல்லவாடுனு ஒரு மீனவக் கிராமம், புதுச்சேரி பக்கம். 2004 சுனாமி அன்னிக்கு அந்த ஊர்ப் புள்ள ஒருத்தன் சிங்கப்பூர்ல இருந்தான். டிவியில செய்தியைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டான். ‘தண்ணி வீட்டுக்குள்ள வருது’னு பதில் வந்திச்சி. ‘ஓடுங்க, ஊரையும் ஓடச் சொல்லுங்க’ன்னான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க மைக்செட்டோட ஒரு அறிவு மையம் வெச்சிருந்தாங்க. பசங்க கதவை ஒடச்சி உள்ள பூந்து மைக்கைப் புடிச்சாங்க. ஊர்ல மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல. வீடு போச்சி, படகு போச்சி. உயிர் ஒண்ணுகூடப் போகல.

இதுல எது உங்க பாஷையில இன்னோவேஷன்? போனா, மைக்செட்டா, கதவை ஒடச்சதா? என்னைக் கேட்டா, எதுவும் இல்ல. அந்த மைக்ல தினம் கடல் எப்படி இருக்குது, அலை எவ்ளோ ஒசரம்னு சொல்லிக்கினு இருந்தாங்க. அதனால மைக் வேலை செய்யுதானு யாரும் யோசிக்கல. அதுல வர்ற சேதியை நம்பலாமானும் யோசிக்கல. வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ற சங்கதியா இருந்திருந்தா, ஒயரை எலி கடிச்சிருக்கும். 2023 அக்டோபர்ல அரசாங்கம் சோதனைக்கு விட்ட எச்சரிக்கை ஞாபகம் கீதா? எல்லார் போனும் ஒரே நேரத்துல கத்திச்சி. எங்க தெருவுல பாதிப் பேர் பேட்டரி வெடிக்கப் போவுதுனு போனைத் தூக்கிக் கட்டில்ல போட்டாங்க.

கம்ப்யூட்டரால ஒண்ணும் ஆவாதுனு நான் சொல்லல. சொன்னா நாக்கு அழுவிடும். அதே சுனாமிக்கு இலங்கையில கம்ப்யூட்டர் பசங்க ஒண்ணு கூடி ‘சஹானா’னு ஒண்ணு எழுதினாங்க. யாரைக் காணோம், எந்த முகாம்ல எத்தனை பேரு, யாருக்கு இன்னா வேணும், எல்லாம் ஒரே இடத்துல. எழுதிட்டு, யார் வேணா எடுத்துக்கோங்க, மாத்திக்கோங்கனு சும்மா விட்டாங்க. பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அது போச்சி. உன் ஆப்புக்குக் காப்புரிமை வாங்கிட்டியாமே, நல்லது, பத்திரமாப் பூட்டி வை.

2018ல கேரளா மூழ்கினப்போ பசங்க கூடி அரசாங்கத்துக்காக ஒரு வெப்சைட் ஓட்டினாங்க. மொட்டை மாடியில நிக்கறவன் எங்க நிக்கறான்னு அது சொல்லிச்சி. ஆனா எறக்கினது யாரு? கடல்ல இருந்து படகை லாரியில ஏத்திக்கினு வந்த மீனவருங்க. பொம்பளைங்க படகுல ஏற, ஒருத்தன் தண்ணியில மண்டி போட்டு முதுகைப் படியாக் குடுத்தானே, அந்த முதுகு எத்தனையாவது வெர்ஷன்?

அப்புறம் உன் தொழில். வெள்ளம் வந்தாதான் உன் கடையில வியாபாரம்னா, நீ தினம் வருண பகவானுக்கு அர்ச்சனை செய்யணும். அது எங்களுக்கு ஆவாது. மழையில்லாத நாள்லயும் எங்க தெருப் பொம்பளைங்க தொட்டுப் பார்க்கற மாதிரி ஏதாவது அதுல வை. தண்ணி எப்ப வரும், கரண்ட் எப்ப போவும், பௌர்ணமிக்கு எந்த ரோட்டை மறிப்பாங்கனு சொல்லு போதும். தீபக் கூட்டத்துல போலீஸ்காரங்க குழந்தை கையில போன் நம்பர் எழுதின பட்டை கட்டி உடறாங்க பாரு. சார்ஜ் வேணாம், சிக்னல் வேணாம், பாஸ்வேர்டு மறக்காது. எந்த முதலீட்டாளரும் அதைப் பார்த்து எழுந்து நின்னு கைதட்ட மாட்டான்.

இன்னும் ஐப்பசி பொறக்கல, டைம் கீது. நாளைக்குக் காலையில லேப்டாப்பை இங்கயே வெச்சிட்டு என்கூட வ.உ.சி. நகருக்கு நட. டேப் ஒண்ணு எடுத்துக்கோ, சந்தை அளக்கணும். போற வழியில லைன்மேன், மைக்செட்காரரு, ஜேசிபி ஓட்டற பையன், மூணு பேர் நம்பரும் வாங்கித் தரேன். அவங்க கேட்டா ஃபவுண்டர்னு சொல்லித் தொலைக்காதே. சீட்டுக் கம்பெனின்னு நெனச்சிக்குவாங்க.