மாப்பிள்ளை வீட்டுப் பன்னெண்டு சூரியன்

மாப்பிள்ளைக்கு மோதிரம் போடலாம், புத்தி சொல்லக் கூடாதுங்கிறது எங்க ஊர் வழக்கம். அதனால, மாப்ள, இப்ப நான் பேசப் போறது உங்ககிட்ட இல்ல. உங்க ஹால் சீலிங்குல பதிச்சு வச்சிருக்கீங்களே பன்னெண்டு ஹாலஜன், அதுககிட்ட. நீங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிங்க. காதுல ஏதும் விழுந்தா என் மேல குத்தம் இல்ல.

ஹாலஜன் எனக்குப் புதுசா? ஊர்க் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் செட்டும் மைக் செட்டும் கட்டுனவன் நான். அந்தக் காலத்துல வீடியோக்காரர் மணவறைக்கு முன்னால 1,000 வாட் ஹாலஜனைத் தூக்கிப் பிடிப்பார். பொண்ணுக்குப் பவுடர் வழியும், மாப்பிள்ளைக்குக் கண்ணு கூசும், ஐயர் மந்திரத்தை விட்டுட்டு விசிறியைத் தேடுவார். படம் என்னமோ பளிச்சுன்னுதான் வரும். ஆனா தாலி ஏறுனதும் அணைச்சிருவோம். அந்த வேக்காட்டை வீட்டுக்குள்ள குடிவச்சு, தெனம் சாயங்காலம் அஞ்சு மணி நேரம் அனுபவிக்கிற வசதி எங்க வம்சத்துல உங்களுக்குத்தான் வாய்ச்சிருக்கு.

ஹாலஜனைக் கேவலமாச் சொல்லல. குவார்ட்ஸ் குப்பிக்குள்ள ஒரு டங்ஸ்டன் கம்பி, கூட கொஞ்சம் அயோடினோ புரோமினோ. காய்ச்சலுல ஆவியாப் போற டங்ஸ்டனை அந்த வாயு பிடிச்சு, திரும்பக் கம்பியிலயே கொண்டாந்து சேர்க்கும். அதனால குப்பி கறுக்காது, குண்டு பல்பைவிடக் கூடுதல் நாள் ஓடும், 2,000 மணி நேரம் போல. 1959ல அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக்காரங்க காப்புரிமை வாங்குன வித்தை அது. என்ன வித்தை பண்ணி என்ன, கம்பியைக் காய்ச்சித்தானே வெளிச்சம்? குடிக்கிற கரண்டுல பத்துல ஒரு பங்குதான் வெளிச்சமாகுது, மிச்சம் பூரா சூடு. அதுலயும் உங்க ஸ்பாட் லைட்டுக்குப் பின்னால இருக்கிற பளபளப்புக் கிண்ணம் வெளிச்சத்தைக் கீழ விட்டுட்டு, சூட்டுல பெரும்பங்கை மேல தள்ளுற ரகம். ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள பல்லி ஏதும் குடியிருந்தா அதுக்கு வருஷம் பூரா சித்திரை மாசம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒண்ணு 50 வாட், பன்னெண்டு பல்பு, ஆக 600 வாட். அஞ்சு மணி நேரம் எரிஞ்சா 3 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட். 2016ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டை அரசாங்கம் இலவசமாத் தர ஆரம்பிச்சுது இல்லையா? அதை உங்க ஹால் சீலிங்கே தின்னு முடிச்சுட்டு, இன்னும் 80 கேக்குது. ஃபிரிட்ஜும் மோட்டாரும் மிச்சத்துக்குச் சண்டை போட்டுக்கணும். இதுல அந்த 600 வாட் சூட்டையும் வெளிய தள்ள ஏசி வேற ஓடுது. காசு குடுத்துக் காய வச்சு, காசு குடுத்துக் குளிர வைக்கிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது மாப்ள.

சரி, மலிவா வழி என்னன்னு கேக்குறீங்க. நீங்க கேக்கல, பல்பு கேக்குது. மலிவுலயே மலிவான பல்பு, மாட்டாத பல்புதான். பன்னெண்டுல ஒண்ணு டிவி கண்ணாடியில அடிக்குது. இன்னொண்ணு பூட்டியே கிடக்கிற பால்கனிக் கதவுக்குப் பொன்னாடை போத்துது. நாலு சோபாவுல உக்காந்தவன் உச்சந்தலையைக் காட்டிக் குடுக்குது, என்னைய மாதிரி வழுக்கைக்கு அது மரியாதையும் இல்ல. சாமி அலமாரிக்கும், படம் மாட்டுன சுவருக்கும், நீங்க பேப்பர் படிக்கிற மூலைக்குமா அஞ்சு வச்சுக்கோங்க. மத்ததைக் கழட்டிட்டு, பொது வெளிச்சத்துக்கு 20 வாட் எல்இடி டியூப் ஒண்ணு. டியூப் லைட்டுன்னா கௌரவக் குறைச்சல்னு தோணும். வர்ற விருந்தாளி சாப்பாட்டைத்தான் பார்ப்பான் மாப்ள, சீலிங்கை இல்ல.

அந்த அஞ்சுக்கும் 6 வாட் எல்இடி போதும். 50 வாட் ஹாலஜன் செய்யுற வேலையை அது செய்யும். அஞ்சு ஆறு முப்பது, டியூபு இருபது, மொத்தம் 50 வாட். ஒத்தை ஹாலஜன் குடிச்சதுல ஹாலே எரியும். 180 யூனிட்டு 15 ஆகும்.

எல்இடி விலைன்னு பயப்படுறது பழைய கதை. 2015 ஜனவரியில மத்திய அரசு உஜாலா திட்டம் ஆரம்பிச்சுது. மொத்தமா டெண்டர் விட்டு வாங்குனதுல, 2014ல 310 ரூபாயா இருந்த கொள்முதல் விலை 2016ல 38 ரூபாய்க்கு வந்துச்சு. அது குண்டு பல்பு இடத்துல மாட்டுறது. ஸ்பாட் லைட்டு அதைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் சொத்தை விக்க வேண்டியதில்ல.

இப்ப கவனமாக் கேக்கணும், காப்பியைக் கீழ வைங்க. பல்புக்குக் காலு ரெண்டு ஊசியா இருந்தா அது எம்.ஆர். 16, 12 வோல்ட். மேல டிரான்ஸ்பார்மர் ஒளிஞ்சிருக்கும். காலு கட்டையா, திருகி மாட்டுறதா இருந்தா ஜியூ 10, நேரா 230 வோல்ட். ஜியூ 10னா பழசைக் கழட்டுங்க, புதுசை மாட்டுங்க, முடிஞ்சுது. உங்களது ஊசிக் காலு. அந்த டிரான்ஸ்பார்மர் லேபிளைப் படிச்சா 20 முதல் 60 வாட்னு போட்டிருக்கும். 20 வாட்டுக்குக் குறைஞ்சா அது வேலை செய்ய மாட்டேன்னு அடம் பிடிக்கும். 6 வாட் பல்பை மாட்டுனா கண்ணடிக்கும், இல்லாட்டி எரியவே எரியாது. நீங்க கடைக்காரனோட சண்டைக்குப் போவீங்க. பாவம், அவன் மேல குத்தம் இல்ல.

அதுக்கு 12 வோல்ட் எல்இடி டிரைவர் மாத்தலாம். இல்லாட்டி டிரான்ஸ்பார்மரைத் தூக்கிட்டு ஜியூ 10 ஹோல்டர் போட்டுக்கலாம். 230 வோல்ட்டுச் சமாச்சாரம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. யூடியூப் பார்த்துட்டு ஸ்டூல் மேல ஏறாதீங்க, என் மகளுக்கு ஒரே புருஷன்.

வாங்குறப்ப அட்டையில 3,000 கெல்வின்னு இருக்கான்னு பாருங்க. அதுதான் ஹாலஜன் மாதிரி இதமான மஞ்ச வெளிச்சம். 6,500ஐ வாங்குனா ஹால் ஆஸ்பத்திரி வார்டு ஆயிரும், வர்றவன் ஆரஞ்சுப் பழத்தோட வருவான். பட்டுச்சேலை நெறம் நெறமாத் தெரியணும்னா சிஆர்ஐ 90க்கு மேல. டிம்மர் போட்டிருக்கீங்கன்னா டிம்மருக்குத் தோதான எல்இடியாக் கேட்டு வாங்குங்க, இல்லாட்டி அது வண்டு கணக்கா ரீங்காரம் போடும். பிஐஎஸ் முத்திரையும் ஆர் நம்பரும் இல்லாத பல்பைத் தெருவோரத்துல அள்ளாதீங்க. 15,000 மணி நேரம்னு அட்டை சொல்லும். காத்து போகாத குழிக்குள்ள அடைச்சு வச்சா அது அட்டையோட கனவு. எல்இடியைக் கொல்லுறது சூடுதான். மொதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி ரெண்டு நாள் எரிச்சுப் பாருங்க. பில்லை அப்பவே போட்டோ எடுத்துருங்க, வாரண்டி முடியுறதுக்குள்ள அதுல எழுத்து மறைஞ்சுரும்.

இதையெல்லாம் உங்க யோசனைன்னே என் மகள்கிட்ட சொல்லிக்கோங்க. எனக்குப் பேரு வேண்டாம். கழட்டுன ஹாலஜனையும், எல்இடிக்கு ஆகாதுன்னு தூக்குன டிரான்ஸ்பார்மரையும் மட்டும் மஞ்சப் பையில போட்டுக் குடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமான சோடி. ஊர்ல கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. வைக்கோல்ல படாம உசரத்துல கட்டித் தொங்கவிட்டா கதகதன்னு இருக்கும். வெளிச்சத்துக்குத்தான் நீங்க வாங்குனீங்க, சூட்டுக்கு வாங்குனதாச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பாராட்டியிருப்பேன்.