நூலா, ஆசானா?

கேள்வி: பௌத்தத் தியானத்தை நூல் படித்தே கற்க இயலாதா? ஆசான் எதற்கு?
(வாசகர், தருமபுரி)

பதில்: படிக்கலாம், ஆனால் அவ்வகை நூல்களுள் தலைசிறந்ததே வாசகரை ஆசானிடம் அனுப்பிவிடுகிறது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் புத்தகோசர் பாலி மொழியில் இயற்றிய விசுத்திமக்கம், கம்மட்டானம் எனப்படும் தியானப் பொருள்கள் 40ஐ விரித்துரைத்தாலும், அவற்றுள் தமக்கு உரியதைக் கல்யாணமித்திரர், அதாவது நன்மை நாடும் நண்பராக விளங்கும் ஆசானிடமே பெறவேண்டும் என்கிறது. சினம் மிக்கவருக்கு மைத்திரி முதலிய நான்கு உயர்பண்புகளும், எண்ணம் ஓயாது அலைபவருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியும் பொருந்தும் என அந்நூல் வகுக்கிறது. சினமுடையவர் எவரும் தம்மை அவ்வாறு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை ஆதலின், இயல்பைக் கண்டறியப் பிறர் கண் வேண்டியிருக்கிறது. இந்நூலுக்கு உரை வரைந்த தம்மபாலரைத் தமிழகத்தோடு மரபு இணைத்துப் பேசுவது தமிழர் மறக்கலாகாத செய்தி.

1965 வரை தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில், ஆத்தூர் அருகே தியாகனூரில், தியானக் கோலத்தில் புத்தர் இன்றும் அமர்ந்திருக்கிறார். அச்சிலையைக் காணலாம், ஐயம் கேட்க இயலாது. மியான்மரில் ஊ பா கின்னிடம் பயின்று 1969இல் இந்தியா வந்த கோயங்கா பரப்பிய 10 நாள் விபசனாப் பயிற்சியிலோ, பயில்வோர் தமக்குள் பேசுவது விலக்கப்பட்டிருந்தும், ஆசிரியரிடம் ஐயம் கேட்பதற்குத் தடையே இல்லை.