கரையேறிய கப்பல்களும் ஒரு யானையும்

கோயம்புத்தூரில் ஒரு கப்பல் இருந்தது. பிரிட்டிஷ் அரச கடற்படையின் கப்பல். பெயர் ‘எச்.எம்.எஸ். கருடா’. அது மிதக்கவில்லை, மிதக்கிற அளவுக்கு நொய்யலில் என்றைக்குத் தண்ணீர் வந்தது? சூலூரில் இன்னொரு கப்பல், ‘வைரி’. தாம்பரத்தில் மூன்றாவது, ‘வல்லூறு’. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் இந்த மூன்றும் ஒரு துளி கடல்நீர் படாமல், துரு ஏறாமல், கௌரவமாகத் தரையில் நின்றுகொண்டிருந்தன. கருடா விமானம் பழுதுபார்க்கும் பட்டறை. மற்ற இரண்டும் விமானதளங்கள். மூன்றையும் வெள்ளைக்காரன் கப்பல் என்றான், நாமும் தலையாட்டினோம்.

அவனுடைய நியாயம் இது. ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் இருந்தால்தான் கடற்படைச் சட்டம் ஒருவன் மேல் பாயும். தரையில் வேலை பார்க்கிறவனை எந்தக் கணக்கில் எழுதுவது? தரையையே கப்பலாக்கிவிட்டால் தீர்ந்தது. 1804-ல் மார்ட்டினிக் தீவுக்குப் பக்கத்தில் கடலில் நின்ற ஒரு மொட்டைப் பாறையின் மேல் பீரங்கிகளை ஏற்றி, ‘இது டயமண்ட் ராக் என்னும் போர்க்கப்பல்’ என்று பதிவு செய்த ஆட்கள் அவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்து அதைப் பிடிக்க அடுத்த ஆண்டு ஆயிற்று. பாறையே கப்பலென்றால் தாம்பரம் என்ன பாவம் செய்தது? இந்த வகைத் தரைக் கப்பலில் இருக்கிற மாலுமி வாசலைத் தாண்டி டீ குடிக்கப் போனாலும் ‘கரைக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அது கடற்படை மரபு.

பெயர் வைத்தவரையும் பாராட்ட வேண்டும். எல்லாம் பறவைப் பெயர், அதுவும் உள்ளூர்ப் பெயர். வல்லூறு, வைரி என்று நம் பிள்ளைகளுக்கே தெரியாத வேட்டைப் பறவைகளை யாரோ ஒரு அதிகாரி அகராதியில் தேடிப் பிடித்திருக்கிறார். அகராதியில் அடுத்த வரியையும் படித்திருக்கலாம். வைரி என்றால் எதிரி என்றும் பொருள். சொந்தக் கப்பலுக்கே ‘எதிரி’ என்று பெயர் சூட்டிய பெருமை உலகத்தில் வேறு எந்தக் கடற்படைக்கும் இருக்காது.

இதையெல்லாம் நான் யோசித்தது மரக்காணத்தில், உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சட்டம் போட்ட மாதிரி பாத்திகள், நடுநடுவே வெள்ளைக் குவியல்கள், மேற்கே போனால் கழுவெளி சதுப்பு நிலம். மேடு இல்லை, மரம் இல்லை, பக்கத்திலேயே கடல். கடலே இல்லாத சூலூருக்குப் போன கடற்படை, இவ்வளவு தட்டையான இடத்தை எப்படி விட்டது?

பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

“ஏரோப்ளேனா?” என்றார் நிமிராமலே. “ஐப்பசியில வந்து பாரு தம்பி. மழ பேஞ்சா இங்க சைக்கிளே போவாது.”

இந்த ஒரு வரியைக் கேட்க அன்றைக்குக் கடற்படைக்கு ஆள் இல்லை. கேட்டிருந்தால் புத்தளத்தில் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

புத்தளம் இலங்கையின் மேற்குக் கரை. அதுவும் உப்பு ஊர்தான். ‘புது அளம்’ என்பதே புத்தளம் ஆயிற்று என்பார்கள். நம் உப்பளத்தில் இருக்கிற அதே அளம். அங்கே விமானதளம் போட வேண்டிய அவசரம் வந்ததற்குக் காரணம் ஜப்பான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்; அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் விமானந்தாங்கியில் அப்போது ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில் இருந்தன என்பதைப் படிக்கும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. விமானம் இல்லாத கப்பல் கடலில், கடல் இல்லாத கப்பல்கள் தரையில்.

நம் பக்கத்து வீரத்தையும் மறைக்கக் கூடாது. அதே ஏப்ரலில் மதராஸ் பாதி காலியாகி, ஜப்பான்காரன் வந்தால் கூண்டிலிருந்து தப்பித்துவிடும் என்று உயிரியல் பூங்காவின் சிங்கம் புலிகளைச் சுட்டுத் தள்ளினோம். ஜப்பான்காரன் வரவில்லை.

புத்தளத்துத் தரைக் கப்பலுக்கு ‘ராஜாளிய’ என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் ராஜாளி. அங்கே வந்து இறங்கியது கோர்சேர் என்ற அமெரிக்கப் போர் விமானம். கடற்காக்கை போல மடங்கிய இறக்கை, நான்கு மீட்டருக்கும் அதிகமான சுழலி, வெறும் எடையே நான்கு டன். மூக்கு நீளமாக இருந்ததால் ஓட்டுகிறவனுக்கு நேரே எதிரில் இருப்பது தெரியாது. ஒரு பக்கமாக வளைந்து வந்துதான் கப்பலில் இறக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையே இதைக் கப்பலில் ஏற்ற முதலில் தயங்கியது. பிரிட்டிஷ்காரன் தயங்கவில்லை. அவன் கவலை வேறு. இறக்கையை மடக்கினால் கப்பலின் கீழ்த்தளக் கூரை இடிக்கிறது. நிலைப்படி தலையில் இடித்தால் நாம் நிலையை உயர்த்துவோம். அவன் ஒவ்வொரு இறக்கை நுனியிலும் எட்டு அங்குலத்தைச் சீவிவிட்டான்.

இப்படிச் சீவிச் சிங்காரித்த நான்கு டன் எந்திரம் மழைக்காலப் புத்தளத்தில் ஓடுதளத்தை விட்டு ஒரு முழம் விலகினால் என்ன ஆகும்? அக்கா சொன்னதுதான் ஆகும். அதற்குப் பிறகு அதை நகர்த்த, உலகத்தையே ஆண்ட கடற்படை கூப்பிட்டது யானையை. விளம்பரத்துக்கு நிறுத்திய யானை இல்லை, வேலைக்காரி. மரம் இழுக்கிற அதே சங்கிலி, அதே பாகன், பின்னால் மரத்துக்குப் பதில் கோர்சேர். படம் இருக்கிறது. இரண்டாயிரம் குதிரைசக்தி என்று பெருமையடித்த எஞ்சின் வாயை மூடிக்கொண்டு பின்னால் வர, ஒரு யானைசக்தி முன்னால் அசைந்து போகிறது. யானை முகத்தில் ஒரு பெருமிதமும் இல்லை. வாழைத்தார் எப்போது வரும் என்கிற யோசனைதான்.

போர் முடிந்ததும் கணக்குப் பார்க்கிற நேரம் வந்தது. இந்த விமானங்கள் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. ஒன்று திருப்பிக் கொடு, இல்லையென்றால் காசைக் கொடு. பிரிட்டனிடம் காசு இல்லை; அமெரிக்காவுக்குப் பழைய இரும்பு வேண்டாம். கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் நல்ல விமானங்களையே கப்பல் தளத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினார்கள். பாத்திரக்கடைக்காரனுக்குக் கடன் அடைக்க முடியாமல் பாத்திரத்தைக் கிணற்றில் போட்ட கதை.

தரைக் கப்பல்களை மூழ்கடிக்க வழியில்லை என்பதால் கலைத்துவிட்டுப் போனார்கள். பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நம் கடற்படை 1961-ல் ‘ஹன்சா’ என்ற கப்பலை எங்கே தொடங்கியது என்கிறீர்கள்? அதே சூலூரில். அன்னப்பறவைக்கு மூன்று வருடத்தில் ஞானம் வந்து, 1964-ல் கோவாவில் கடலோரமாகக் குடிபோனது. அரக்கோணத்தில் 1992-லிருந்து ‘ஐ.என்.எஸ். ராஜாளி’ நிற்கிறது. நான்கு கிலோமீட்டர் நீள ஓடுதளம், கடலைக் கண்காணிக்கும் பெரிய விமானங்கள், சுற்றிலும் வயல். உச்சிப்புளியில் 2009-லிருந்து ‘பருந்து’. அதற்காவது பக்கத்தில் நிஜமாகவே கடல் இருக்கிறது.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். யானை வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவ்ளோ பெரிய யானைய எப்படிப்பா கப்பல்ல ஏத்துனாங்க?”

“ஏத்தலக்கா. அது நின்ன எடந்தான் கப்பல்.”

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “வெயில் ஏறிப்போச்சு, நெழலுக்குப் போ தம்பி” என்று பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார்.